வண்டி கிளம்புவதற்குள் ஒரு மாலை

நம் மருத்துவமனைத் தகவல் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் மூவருக்கும்,

உங்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து நான் எழுந்து நான்கு நாட்கள் ஆகின்றன. ஓய்வு பெறும் வயது எனக்கில்லை. முப்பத்து நான்குதான் முடிந்திருக்கிறது. இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது. மாமியாரால் இனி இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாது. அதனால் வேலையை விட்டேன். விட்டது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. இதை எழுதுவது சரிதானா என்பதும் தெரியவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்தாயிற்று. ஆனாலும் நம் மேசை ஒருமுறை ஜெயித்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது.

கணினியில் பதிவது எப்படி, எந்த வார்டுக்கு எந்த எண் என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். தொலைபேசியைக் கையில் எடுத்த பிறகு, அடுத்த முனையில் ஒருவர் "சொல்லுங்க" என்பதற்கு முன், ஒரு சிறு இடைவெளி வரும். அந்த இடைவெளிக்கு உதவுகிற மாதிரி ஏதாவது சொல்ல முடியுமா என்றுதான் பார்க்கிறேன்.

கொரோனாவின் இரண்டாம் அலை வந்தபோது நான் இங்கே சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. உறவினர் யாரையும் உள்ளே விடுவதில்லை. நோயாளிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது நம் மேசைத் தொலைபேசி மட்டும்தான். இறப்பைச் சொல்லும் அழைப்புக்கென்று தட்டச்சு செய்த ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். பெயர், வயது, இறந்த நேரம், உடல் எந்த மயானத்துக்குப் போகிறது, இரண்டு பேர் மட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம் என்ற விவரம். நான் அந்தத் தாளை ஒரு எழுத்து மாற்றாமல் படிப்பேன். தாளில் உள்ளதைச் சொன்னால் தவறு என்னுடையதாகாது என்று ஒரு நம்பிக்கை.

அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. உழவர்கரையில் எங்கள் வீடு. நான் முன்னறையில் தனியாகப் படுத்துக்கொள்வேன். அவள் உள் கதவைத் தட்டித் தட்டி அழுவாள், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, இன்று எதையெல்லாம் தொட்டேன் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு நாளில்தான் அஞ்சலை என்பவரை அழைத்தேன். அன்று காலை அவருடைய அப்பா இறந்திருந்தார். தாளைப் படித்து முடித்தேன். அந்தப் பக்கம் அழுகை வரவில்லை.

"ஏம்மா, ஒரு முழம் பூவாவது வெச்சீங்களா?" என்று கேட்டார்.

தாளில் அதற்குப் பதில் இல்லை. "அதுக்கெல்லாம் ரூல் இல்லைங்க" என்றேன்.

அவர் சொன்னார்: "நான் பெரிய மார்க்கெட்ல பூக்கட்டுறவ. கோயிலு மூடியாச்சு, கல்யாணம் நின்னுபோச்சு, இங்க கூடை கூடையா பூ அழுவிக் கெடக்குது. எங்கப்பாவுக்கு ஒரு முழம் கெடையாதுன்ற. நல்லாருக்குதும்மா ஒங்க ரூலு."

வைத்துவிட்டார்.

அன்று மாலை நான் சுற்றறிக்கைகளை எல்லாம் எடுத்துத் தேடினேன். உடலைச் சுற்றிய உறையைத் திறக்கக்கூடாது, முகத்தைக் காட்டக்கூடாது, கூட்டம் சேரக்கூடாது என்றெல்லாம் இருந்தன. உறைக்கு மேலே பூ வைக்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை. வைக்கலாம் என்றும் இல்லை. பயத்தில் நானாக ஒரு சட்டம் போட்டு, அப்பாவை இழந்த ஒரு பெண்ணின் காதில் அதை ஓதியிருக்கிறேன். தெரியாததைக் கேட்டால் "கூடாது" என்று சொல்லிவிடுவது இந்த மேசையில் உட்காருபவர்களுக்கு எளிதில் வரும் வியாதி. எனக்கு முற்றிய நிலையில் இருந்தது. "விசாரித்துச் சொல்கிறேன்" என்ற இரண்டு சொற்களை நீங்கள் முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை வாசலில் சத்தம். செக்யூரிட்டி அண்ணன் ஒரு பெண்ணை மறித்துக்கொண்டிருந்தார். மொபெட்டின் முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு கூடை.

"பூ விக்கிற எடமா இது? போம்மா அந்தாண்ட."

"விக்க வரல. குடுக்க வந்தேன்."

"யாருக்கு?"

"இன்னிக்குப் போறவங்களுக்கு."

அண்ணன் என்னைக் கூப்பிட்டார். நான் போய், "என்னங்க விஷயம்?" என்று வாயைத் திறந்ததுமே அந்தப் பெண் முகக்கவசத்துக்கு மேலே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீதான அந்த ரூலு?"

"நான்தான் அக்கா. அப்படி ரூல் எதுவும் இல்லை. நான் சொன்னது தப்பு."

"சரி வுடு. இன்னிக்கு எத்தினி பேரு?"

"ஆறு பேர்."

"எட்டு கட்டியாந்திருக்கேன். எட்டும் செலவாவக் கூடாதுன்னு வேண்டிக்கினுதான் கட்டினேன்."

உடல்களை மயானத்துக்குக் கொண்டுபோகும் வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. மருத்துவ அதிகாரி கூட்டத்தில் இருந்தார், தொலைபேசியை எடுக்கவில்லை. கேட்காமல் செய்தால் வேலை போகலாம். கேட்கும்வரை காத்திருந்தால் வண்டி போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டேன். இதனால் யாருக்காவது நோய் ஒட்டுமா? பூ உள்ளே போகும், திரும்பி வராது. ஒட்டாது. வண்டி தாமதமாகுமா? ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று இருந்தது. அதை மறந்துவிட்டேன். அந்தத் தவறைப் பிறகு சொல்கிறேன்.

கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். உடல்களை ஏற்றுகிற ஊழியர்கள் கவச உடையில் நின்றிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர்களில் ஒருவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க மேடம். வெறும் உறையா ஏத்தி ஏத்தி கை கூசுது."

ஆறு உறைகளின் மேலும் ஆறு மாலைகள். அவர் ஒவ்வொன்றையும் நேராக்கிவிட்டு, கையுறையோடு ஒரு கும்பிடு போட்டார். வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

மதியம் மருத்துவ அதிகாரி கூப்பிட்டனுப்பினார். போகும் வழியிலேயே ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"உறையைத் திறந்தீங்களா?"

"இல்ல சார்."

"வண்டி லேட்டாச்சா?"

"இல்ல சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நாளைக்கும் என்னைக் கேக்காதீங்க" என்றார்.

இப்போது மூன்றாவது கேள்வி. மறுநாள் ஓர் இளைஞர் அழைத்தார். முந்தைய நாள் போன ஆறு பேரில் ஒருவருடைய மகன்.

"மேடம், எங்க அத்தாவுக்கு மாலை போட்டிருந்தீங்க. எங்களுக்கு அந்த வழக்கம் கெடையாது. நல்ல மனசோடதான் செஞ்சிருக்கீங்க, அது தெரியுது. இனிமே வூட்டாள ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு பொறுமையாகச் சொன்னது சுட்டது. இதற்குத்தான் தாளோடு நின்றிருக்க வேண்டும், எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்திவிடலாம் என்று அஞ்சலை அக்காவின் எண்ணைப் போடப் போனேன். போடவில்லை. அந்த இளைஞர் நிறுத்தச் சொல்லவில்லையே, கேட்கத்தானே சொன்னார் என்று தோன்றியது.

அன்றிலிருந்து தாளைப் படித்து முடித்ததும் என் சொந்த வார்த்தையில் ஒன்று கேட்க ஆரம்பித்தேன். "அவங்களுக்குப் பூ வைக்கலாமா? என்ன பூ பிடிக்கும்?"

அந்தக் கேள்வி செய்த வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. கத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்துவார்கள், யோசிப்பார்கள். "எங்கம்மா கனகாம்பரம் தவிர எதையும் வெக்காதுங்க." "துளசி போதும்மா, அவரு பூவுல காசக் கொட்டாதன்னு திட்டுவாரு." "அவருக்கு எதுக்குங்க பூவு, ஒரு கட்டு பீடி வெச்சீங்கன்னா சிரிச்சிக்கினே போவாரு" என்று ஒரு மனைவி சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பிலேயே அழுகைக்குப் போனார். மிஷன் வீதிப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மாள் தம்பிக்கு ஒரே ஒரு வெள்ளை ரோஜா கேட்டு, "மெர்சி, மகளே" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். பூ வேண்டாம், எங்களுக்காக துஆ செய்யுங்கள் என்றவர்களும் உண்டு. அவர்களுக்காக அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன். பெயரும் வயதும் நேரமுமாக என் தாளில் இருந்தவர்கள், பூப் பிடித்தவர்களாகவும் பிடிக்காதவர்களாகவும் மாறினார்கள். கடவுளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் அந்த நாட்களில் நான் பிரார்த்தனை என்று ஏதாவது செய்திருந்தால், அது இந்தக் கேள்விதான்.

கேட்ட பூவை அக்காவிடம் தொலைபேசியில் சொல்லிவிடுவேன். ஒரு நாள் விடுப்பில், நேரில் நன்றி சொல்லலாம் என்று பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். பூக்கடை வரிசையில் பாதிக் கடைகள் திறந்திருந்தன. அக்கா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடை ராஜாங்கம் அண்ணன், சம்பங்கி கொடுப்பவர், என்னைப் பார்த்ததும் பொரிந்தார்.

"ஆஸ்பத்திரி பொண்ணு நீதானா? இந்தப் பொம்பளைக்குப் புத்தி சொல்லும்மா. கோயிலு தொறந்தா இவள வாசப்படி மிதிக்க வுடுவானுங்களா?"

அப்போதுதான் எனக்கு விவரம் தெரிந்தது. சாமிக்கு மாலை கட்டுகிறவர்கள் சாவுக்குக் கட்டுவதில்லை. சாவு மாலைக்குத் தனிக் கடை, தனிக் கை. அக்காவின் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு பூக்கடை போட்டு, வருடக்கணக்காக நடந்து, ஓர் அம்மன் கோயிலுக்கு மாலை கட்டும் முறையை வாங்கினார். அது அவருக்குப் பின் மகளுக்கு வந்தது. தினம் ஒரு மாலை, ஆடி வெள்ளிக்கு ஆளுயர மாலை. அதுதான் அந்தக் குடும்பத்தின் சோறு, அதுதான் மரியாதை. இப்போது கோயிலில் பூசாரி மட்டும் போய் விளக்கேற்றி, வாசலில் பூத்த அரளியைச் சாத்திவிட்டு வருகிறார். திறந்ததும் முறை அக்காவிடம் இருக்குமா என்பது சந்தேகம்.

நன்றி சொல்ல வந்தவள், "அக்கா, இன்னையோட நிறுத்திடுங்க" என்றேன்.

"ஏன்?"

"என்னால உங்க முறை போயிடும்."

"உன்னாலயா? நீ யாருடி, நான் கட்டறது உன்னாலன்னு சொல்ல?" நாரைப் பல்லால் கடித்துக் கிழித்தார். "சாமி கதவ மூடிட்டாங்க. உள்ளயே ஒக்காந்துகினு இருக்குமா அது? எங்க ஆளு அதிகமா அழுவுதோ அங்கதான் போயிருக்கும். நான் மாலைய அங்க அனுப்பறேன். விலாசம் மாறிப்போச்சு, அவ்ளோதான்."

ராஜாங்கம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்ட கையாலேயே இன்னும் ஒரு கூடை சம்பங்கியை இந்தப் பக்கம் தள்ளினார்.

அலை ஓய்ந்தது. வண்டி வராத நாட்கள் வந்தன. ஒரு நாள் அக்கா கட்டி வந்த மாலைகளில் ஒன்றுகூடச் செலவாகவில்லை. செக்யூரிட்டி அண்ணன் அவற்றை வாசல் கேட்டில் கட்டித் தொங்கவிட்டு, "இன்னிக்கு நமக்குத் திருவிழாம்மா" என்றார்.

கோயில்கள் திறந்தன. ஆடி பிறந்தது. பயந்தபடியே நடந்தது. கோயில் கமிட்டிச் செயலாளர் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: தீட்டு, இனி மாலை ராஜாங்கம் கட்டட்டும்.

அந்த வாரம் நான் இரண்டு முடிவுகள் எடுத்தேன். ஒன்று சரி, ஒன்று தவறு.

என் கணினியில் அத்தனை குடும்பங்களின் எண்களும் இருந்தன. கோயில் இருக்கும் தெருவிலேயே சிலர் இருந்தார்கள். அவர்களை அழைத்து, "அக்காவுக்காகப் பேசுங்கள்" என்று சொன்னால் கமிட்டி என்ன செய்யும்? மூன்று நாள் அந்தப் பட்டியலைத் திறந்து திறந்து மூடினேன். அந்த எண்களை அவர்கள் நமக்குத் தந்தது ஒரு செய்தி கேட்பதற்காக. நம் எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே இன்னும் திடுக்கிடும் மனிதர்கள். அழைக்கவில்லை. அக்காவைக் கைவிட்டேனோ என்று அன்றிரவு தூங்கவில்லை, ஆனாலும் அதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

தவறு இது. நானே செயலாளரிடம் போனேன். "சார், அவங்க கை உடலைத் தொடவே இல்லை. வாசல்லயே நின்னுட்டாங்க. பூவை உள்ள கொண்டுபோனது நான்தான்" என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டார், மோர் கொடுத்தார், "உங்களுக்கு இது புரியாதும்மா" என்று அனுப்பிவிட்டார்.

அது அக்காவின் காதுக்குப் போயிருக்கிறது. வியாழக்கிழமை வேலைக்குப் போகும் முன் நான் மார்க்கெட்டுக்குப் போனதும் பிடித்துக்கொண்டார்.

"நான் தொடலன்னு யாரு உன்ன சொல்லச் சொன்னது? வாசல்ல மறிச்சதால நின்னேன். உள்ள வுட்டிருந்தா தொட்டுத்தான் போட்டிருப்பேன். எங்கப்பன் உள்ள கெடந்த எடம் அது. தப்பு செய்யாதவள நீ தப்பிக்க வெக்கப் பாக்கறியா?"

தம்பி தங்கைகளே, நல்லது செய்த ஒருவரைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த நல்லதையே சிறிதாக்கிப் பேசாதீர்கள். அதிகாரத்தின் முன்னால் நின்றால் இந்தத் தவறுதான் முதலில் நாக்கில் வரும்.

நான் அங்கே தலைகுனிந்து நிற்கும்போதே செயலாளர் வரிசைக்குள் நுழைந்தார். அக்காவைப் பார்க்காமல் நேரே ராஜாங்கம் அண்ணனிடம் போனார்.

"நாளைக்கு மொத ஆடி வெள்ளி. ஆளுசர மாலை. காலைல ஆறு மணிக்கு வந்துடணும் ராஜாங்கம்."

"முடியாதுங்க. எனக்கும் தீட்டு."

"நீ எங்கய்யா கட்டின?"

"சம்பங்கி என்துதான? என் கூடைலேர்ந்துதான போச்சு? மாலை தீட்டுன்னா பூவும் தீட்டு, பூவு தீட்டுன்னா கூடையும் தீட்டு. நான் கணக்குல வீக்குங்க, நீங்களே கூட்டிப் பாருங்க."

செயலாளர் அடுத்த கடைக்கு நகர்ந்தார். ரோஜா விற்கும் அம்மாள் எழுந்திருக்கவே இல்லை. "நார் கிழிச்சுக் குடுத்தது நானு. முழுத் தீட்டு."

அதற்கடுத்த கடையில், "அவுங்க மொபெட்டுக்கு ரெண்டு தபா பெட்ரோலு போட்டேன் சார். எனக்கு கால் தீட்டாவது இருக்கும்."

வரிசை முழுவதும் சிரிப்பு கிளம்பியது. செயலாளர் முகம் சிவந்தார். "நான் வில்லியனூர்லேர்ந்து கட்டியாந்துக்கறேன்" என்றார்.

"வில்லியனூருக்கும் இங்கேர்ந்துதான் பூ போவுது சார்" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது.

அவர் நடு வரிசையில் நின்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். யாராவது நாளைக்கு ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு சட்டம் போட்டவர். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். நான் அணிந்திருந்த முகம்தான். கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் கடைப் பக்கம் திரும்பினார்.

"அஞ்சலை... நீயே கட்டிடு."

அக்கா உதிரிப் பூவைக் குவித்துக்கொண்டே கேட்டார்: "பூசாரி என் கைலேர்ந்து வாங்குவாரா?"

"வாங்குவாரு."

"நாளப்பின்ன ஒரு மாத்துப் பேச்சு வருமா?"

"வராது."

"நான் அங்க கட்டினது தப்புன்னு மனசுல வெச்சிக்கினு கூப்புட்றீங்களா?"

வரிசை சிரிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. "தப்புன்னு சொன்னது தப்புதாம்மா" என்றார் செயலாளர் கடைசியில். "கட்டு."

வெள்ளிக்கிழமை என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அவள் பிறந்து கூட்டம் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு முகக்கவசம் சரியாக இருக்கிறதா, நான் வந்தது புத்திசாலித்தனமா என்று நான்கு முறை யோசித்தேன். அதற்குள் தெருமுனையில் மேளம் கேட்டது. அக்கா மாலையைத் தட்டில் ஏந்தி முன்னால் வந்தார். பின்னால் பூக்கடை வரிசை மொத்தமும் வந்தது. தெருவின் இரு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். அவர்களில் என் தாளைக் கேட்ட வீட்டார் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரையும் அழைத்திருக்கவில்லை. மாலை கடந்துபோனபோது சிலர் சாமிக்குக் கும்பிடுவதற்கு முன்னால் அக்காவுக்குக் கும்பிட்டார்கள்.

பூசாரி படியிறங்கி வந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். உள்ளே போனார். ஆளுயர மாலை அம்மன் தோளில் ஏறியது. அப்போது அக்காவின் குரல் கூட்டத்தின் தலைக்கு மேலே போனது.

"பூசாரி! முடிச்சு முன்னால வந்துகீது பாரு, பின்னால தள்ளு!"

கோயில் மொத்தமும் சிரித்தது. பூசாரியும் சிரித்துக்கொண்டே திரும்பி, அவர் சொன்னபடி முடிச்சைப் பின்னால் தள்ளி, மாலையை நேராக்கிவிட்டு, "இப்ப சரியா?" என்று கேட்டார்.

"இப்ப சரி" என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் தீபாராதனைக்கு மணி அடித்தது.